யார் எடுத்த ரயில் அது?

அலென் ரெனேயின் ‘இரவும் மூடுபனியும்’ படத்தை நான் முதலில் பார்த்தது தொண்ணூறுகளின் நடுவில், சென்னையில் ஒரு திரைப்படச் சங்கத்தின் திரையிடலில். 32 நிமிடப் படம். மடக்கு நாற்காலிகள், பின்னால் கடகடத்துக்கொண்டிருந்த 16 எம்எம் புரொஜக்டர், அறுபது எழுபது பேர். அதில் பெண்கள் நான்கு பேர் இருந்திருப்போம். படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வழக்கம்போல முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். இந்தப் படத்தில் ஒரு ஷாட்கூடக் கற்பனை இல்லை, அத்தனையும் ஆவணம், நடிகர்களை வைத்து முகாமைக் காட்டுவது செத்தவர்களுக்குச் செய்யும் துரோகம் என்றார். பலர் தலையாட்டினார்கள். அடுத்து எழுந்தவரும் அதையே வேறு சொற்களில் சொன்னார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. படத்தில் ஒரு ரயில் இரவில், பனிமூட்டத்துக்குள் முகாமுக்கு வந்து நிற்கிறது. விளக்கொளி, புகை, சிப்பாய்களின் நிழல்கள். அந்த இரவில் அங்கே கேமராவை வைத்துக்கொண்டு நின்றது யார்? நாஜிகளா? அவர்கள் ஏன் அதை இத்தனை அழகாகப் படம்பிடிக்க வேண்டும்? கேள்வி தொண்டைவரை வந்தது. அத்தனை பேர் சோகமாக உட்கார்ந்திருக்கும்போது இப்படிக் கேட்பது அசட்டுத்தனமாகப் படுமோ என்று நினைத்தேன். கேட்காமலேயே பல்லவன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பல ஆண்டுகள் கழித்துத்தான் பதில் கிடைத்தது. அது நாஜிகள் எடுத்ததல்ல, ரெனே எடுத்ததுமல்ல. ஒரு பெண் எடுத்தது. ஆஷ்விட்ஸில் கைதியாக இருந்து உயிரோடு திரும்பி, அதே முகாமுக்குக் கேமராவோடு மறுபடி போன பெண். அந்த ஷாட் ஒரு கதைப்படத்தின் பகுதி. முன்வரிசைக்காரர் எதைத் துரோகம் என்றாரோ, அந்த வகைப் படம்தான்.

அவர் பெயர் வாண்டா யாகுபோவ்ஸ்கா. அவருடைய கதை திரைப்படச் சங்கம் ஒன்றிலிருந்தே தொடங்குகிறது என்பதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

1930இல் வார்சாவில் சில இளைஞர்கள் சேர்ந்து ‘ஸ்டார்ட்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். கலைப்பட ஆர்வலர் சங்கம் என்பதன் போலிஷ் சுருக்கம் அது. நல்ல படங்களைத் தருவித்துத் திரையிடுவது, உரை நிகழ்த்துவது, பத்திரிகைகளில் எழுதுவது, வணிகப் படங்களோடு சண்டைபோடுவது ஆகியவை அதன் வேலைகள். நம் ஊர்ச் சங்கங்களும் பின்னாளில் இவற்றைத்தான் செய்தன. சினிமா சமூகத்துக்குப் பயன்பட வேண்டும் என்பது அவர்கள் கட்சி. தொடங்கியவர்களில் யாகுபோவ்ஸ்காவும் ஒருவர். 1907இல் பிறந்தவர், வார்சா பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படித்தவர், இடதுசாரி. 1935இல் சங்கம் கலைந்தது. அதற்குள் அங்கே உட்கார்ந்து படம் பார்த்தவர்களில் பலர் படம் எடுப்பவர்களாகிவிட்டார்கள். போருக்குப் பிந்தைய போலந்து சினிமாவை நடத்தியவர்களில் கணிசமானோர் அந்த அறையிலிருந்து வந்தவர்கள்.

எலிசா ஒஷெஷ்கோவாவின் நாவல் ஒன்றை யாகுபோவ்ஸ்கா இன்னொருவரோடு சேர்ந்து முழுநீளப் படமாக எடுத்தார். 1939 செப்டம்பரில் வெளியாக வேண்டிய படம். அந்த மாதம்தான் ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது. படம் வெளியாகவில்லை, போரில் பிரதிகளும் அழிந்தன. எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்த யாகுபோவ்ஸ்கா 1942இல் கைதாகி, வார்சாவின் பாவியாக் சிறையில் இருந்துவிட்டு, 1943இல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார். முகாமின் வாசலைத் தாண்டும்போதே இதைப் படமாக எடுக்க வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டதாகவும், அந்த முடிவே தன்னை உயிரோடு வைத்திருந்ததாகவும் அவர் பின்னர் பலமுறை சொல்லியிருக்கிறார். 1945 ஜனவரியில் முகாமைக் காலிசெய்தபோது ராவென்ஸ்புருக் பெண்கள் முகாமுக்கு நடத்திச் செல்லப்பட்டவர்களில் அவரும் இருந்தார்.

பிழைத்து வந்தவர், உடன் கைதியாக இருந்த ஜெர்மன் கம்யூனிஸ்ட் கெர்டா ஷ்னைடரோடு சேர்ந்து திரைக்கதை எழுதினார். ஒரு போலந்துப் பெண்ணும் ஒரு ஜெர்மன் பெண்ணும், போர் முடிந்த சூட்டோடு சேர்ந்து உட்கார்ந்து எழுதியது. 1947இல் பிர்கெனாவிலேயே படப்பிடிப்பு. அதே மரக் கொட்டடிகள், அதே சேறு. கூட்டக் காட்சிகளில் அந்தப் பகுதி மக்களும் முன்னாள் கைதிகளும் நின்றார்கள். இரண்டு ஆண்டுகளுக்குமுன் வரிசையில் நின்று எண்ணப்பட்ட பெண்கள், கேமராவுக்காக மறுபடி அதே மைதானத்தில் வரிசையில் நின்றார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது. அவர்களை யார் கேட்டார்கள், என்ன சொல்லிச் சம்மதிக்கவைத்தார்கள் என்று யோசிக்கிறேன். கேட்டவரும் அதே வரிசையில் நின்றவர்தான். அது எல்லாவற்றையும் சரியாக்கிவிடும் என்று நான் சொல்லவரவில்லை.

‘கடைசிக் கட்டம்’ 1948 மார்ச்சில் வார்சாவில் வெளியானது. அந்த ஆண்டே செக்கோஸ்லோவாகியத் திரைப்பட விழாவில் முதல் பரிசு பெற்றது. பல நாடுகளுக்கும் போனது. ஆஷ்விட்ஸுக்குள் நடப்பதைச் சொன்ன முதல் பெரிய கதைப்படம் இது. முழுக்க முழுக்கப் பெண்கள் முகாமின் கதை. மருத்துவமனைக் கொட்டடிதான் அதன் நடுவிடம். போலிஷ், ரஷ்யன், ஜெர்மன், பிரெஞ்சு என்று அவரவர் மொழியைப் பேசுகிறார்கள். மொழிபெயர்ப்பாளராக வேலைக்கு எடுத்துக்கொள்ளப்படும் மார்த்தா என்ற யூதப் பெண் கதையின் மையத்துக்கு வருகிறாள்.

மார்த்தாவுக்கு முன்மாதிரி மாலா ஜிமெட்பாம். போலந்தில் பிறந்து பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் வளர்ந்த யூதப் பெண். பல மொழி தெரிந்தவர் என்பதால் பிர்கெனாவில் மொழிபெயர்க்கவும் செய்தி கொண்டுபோகவும் வைத்துக்கொண்டார்கள். அந்த வேலை தந்த சின்னச் சலுகைகளை அவர் மற்றப் பெண்களைக் காப்பாற்றப் பயன்படுத்தினார் என்று தப்பிப்பிழைத்த பலர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். 1944 ஜூனில் காதலரோடு தப்பி, பிடிபட்டு, தண்டனைக்குக் கொண்டுவரப்பட்ட இடத்தில் தன் மணிக்கட்டை அறுத்துக்கொண்டு, தடுக்க வந்த சிப்பாயைக் கன்னத்தில் அறைந்தார். பெண் கைதிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வாய்வழியாகத்தான் அந்த அறை நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. படத்தில் மார்த்தாவும் அறைகிறாள். அந்தக் கணத்தில் வானத்தில் விமானங்கள் வருகின்றன. மாலாவுக்கு எந்த விமானமும் வரவில்லை.

படத்தின் குறைகள் எனக்குத் தெரியும். ஸ்டாலின் காலத்துப் படம் அது. நல்லவர்களில் பெரும்பாலோர் கம்யூனிஸ்டுகள். கஷ்டமான தருணங்களில் சர்வதேச ஒற்றுமை பேசப்படுகிறது. யூதர்கள் யூதர்கள் என்பதற்காகவே கொல்லப்பட்டார்கள் என்பது அந்த ஒற்றுமைக்குள் கரைந்துபோகிறது. இவற்றைச் சொல்லிப் படத்தை ஒதுக்கிவைப்பது சுலபம். நீண்ட காலம் ஒதுக்கியும் வைத்தார்கள்.

ஆனால் அதில் ஒரு பிரசவக் காட்சி இருக்கிறது. ஹெலெனா என்ற கைதிக்குக் கொட்டடியில் குழந்தை பிறக்கிறது. மற்றப் பெண்கள் சுற்றி நின்று பார்த்துக்கொள்கிறார்கள். சிறிது நேரம் அந்த இடமே வேறாகிவிடுகிறது. பிறகு முகாம் மருத்துவன் வந்து ஊசிபோட்டுக் குழந்தையைக் கொல்கிறான். பிர்கெனாவில் கைதியாக இருந்த போலந்து மருத்துவச்சி ஸ்டானிஸ்வாவா லெஷ்சின்ஸ்கா, தான் அங்கே சுமார் 3000 பிரசவங்கள் பார்த்ததாகப் பின்னர் ஓர் அறிக்கை எழுதினார். அந்தக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. முகாமில் பிரசவம் நடந்தது என்பதையே அடுத்து வந்த ‘பெரிய’ படங்கள் பல மறந்துவிட்டன. 1948இல் அதைத் திரையில் வைத்தவர், அதற்குப் பக்கத்தில் வாழ்ந்துவிட்டு வந்தவர்.

இன்னொன்று. மிக மோசமானவற்றைத் தான் வேண்டுமென்றே காட்டவில்லை என்று யாகுபோவ்ஸ்கா சொன்னார். எலும்புக்கூடாய் இருந்த உடல்கள், பிணக் குவியல், பேன், எலி, இவற்றைக் காட்டினால் பார்க்கிறவர் கண்ணை மூடிக்கொள்வார் என்பது அவர் கணக்கு. எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்ற கேள்வியைப் பிரெஞ்சு விமர்சகர்கள் எழுப்பியதாகத்தான் நாம் படித்திருக்கிறோம். அவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னாலேயே, அந்தக் கேள்வியை எதிர்கொண்டு ஒரு முடிவும் எடுத்தவர் அவர்.

இப்போது அந்த ரயிலுக்கு வருகிறேன். ‘இரவும் மூடுபனியும்’ தயாரான 1955இல் படக்குழு போலந்துக்குப் போனது. படத்துக்கு வரலாற்று ஆலோசகர்கள் இருவர்: ஆன்றி மிஷெல், ஓல்கா வோர்ம்சர். போர் முடிந்த நாட்களில், திரும்பி வராதவர்களைத் தேடும் அரசு அலுவலகத்தில் வேலைசெய்தவர் ஓல்கா. குடும்பங்கள் கொண்டுவந்த புகைப்படங்களையும், வந்து சேர்ந்தவர்கள் சொன்ன பெயர்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் தொடங்கி, நாடுகடத்தலைப் பற்றி எழுதிய முன்னோடி வரலாற்றாசிரியர்களில் ஒருவரானார். படத்தைப் பற்றிப் பேசும்போது ரெனே பெயர் வரும். வர்ணனை எழுதிய கவிஞர் ழான் கேரோல், இசையமைத்த ஹான்ஸ் ஐஸ்லர் பெயர்களும் வரும். ஓல்காவின் பெயரை நான் எந்தத் திரையிடலிலும் கேட்டதில்லை.

பிர்கெனாவுக்குள் ரயில் வந்து நின்ற இரவை நாஜிகள் திரைப்படச் சுருளாக விட்டுச்செல்லவில்லை. எனவே ‘கடைசிக் கட்ட’த்திலிருந்து சில ஷாட்டுகள் எடுத்துச் சேர்க்கப்பட்டன. அதற்குச் சற்று முன்னால் வரும் காட்சி உண்மையான ஆவணம். நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து ரயில் கிளம்புவதை, முகாம் தலைவனின் உத்தரவில் ஒரு யூதக் கைதி 1944இல் படம்பிடித்தார். சரக்குப் பெட்டியின் கதவிடுக்கில் தலையில் துணி கட்டிய ஒரு சிறுமியின் முகம். உலகமே அவளை ‘யூதச் சிறுமி’ என்று ஐம்பது ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தது. 1994இல்தான் ஒரு டச்சுப் பத்திரிகையாளர் அவள் பெயரைக் கண்டுபிடித்தார்: செத்தெலா ஸ்டைன்பாக். நாடோடிகள் என்று வேட்டையாடப்பட்ட சிந்தி இனத்தவள். ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டபோது ஒன்பது வயது.

செத்தெலாவின் ரயில் ஒரு கைதியின் கேமராவில் கிளம்புகிறது. இன்னொரு கைதியின் கேமராவில் வந்து சேர்கிறது. முதலாவது ஆவணம், இரண்டாவது கதைப்படம். வெட்டு தெரியாமல் ஒட்டியிருக்கிறது. நாங்கள் அறுபது எழுபது பேர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்தோம். யார் இந்தச் சிறுமி, யார் எடுத்த ரயில் இது என்று கேட்காமல், கற்பனை கலக்காத உண்மை என்று பேசிவிட்டுக் கலைந்தோம்.

பாரிஸிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது என்பது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதல். பிரான்ஸில் போருக்குப் பிறகு சினே கிளப்புகள் ஊருக்கு ஊர் முளைத்தன. பள்ளிகளிலும் இருந்தன. வோல்தேர் ஆண்கள் பள்ளியில் ஆன்றி அழெல் என்ற ஆசிரியர் லத்தீன் பாடத்துக்குப் பதிலாகப் படம் போட்டுக் காட்டுவார். அங்கே ‘இரவும் மூடுபனியும்’ பார்த்த மாணவர்களில் ஒருவர் செர்ழ் தானே. 1944இல் பிறந்தவர், தந்தை யூதர், மகன் அவரைப் பார்த்ததே இல்லை. அந்தத் திரையிடல்தான் தானேயைச் சினிமா விமர்சகராக்கியது. இறக்கும் வருடம், 1992இல், அவர் எழுதிய நீண்ட கட்டுரை இதைச் சொல்கிறது.

அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இருப்பது வேறொரு படம்: ஜில்லோ பொந்தேகோர்வோவின் ‘கப்போ’ (1960). அதில் எம்மானுவெல் ரிவா நடித்த தெரேஸ் என்ற கைதி மின்வேலியில் பாய்ந்து சாகிறாள். ஓராண்டு முன்புதான் ரிவா ‘ஹிரோஷிமா மோன் அமூர்’ படத்தில் மார்கரித் துராஸ் எழுதிய வசனங்களைப் பேசியிருந்தார். வேலியில் தொங்கும் அவள் உடலை நோக்கிக் கேமரா நகர்ந்துபோகிறது. உயர்ந்திருக்கும் கை சட்டத்துக்குள் கச்சிதமாக விழும்படி நிற்கிறது. 1961 ஜூனில் கையே து சினிமா இதழில் ழாக் ரிவெத் எழுதினார்: அந்தக் கணத்தில் அப்படியொரு டிராலி ஷாட் வைக்க முடிவெடுக்கும் ஆள் இகழ்ச்சிக்கு மட்டுமே உரியவன். சாவை அழகுபடுத்துவது ஆபாசம் என்பது அவர் வாதம். எதிர் உதாரணமாக அவர் மதித்தது ரெனேயின் படத்தை. அந்தச் சில வரிகள் ஒரு தலைமுறைக்கே வேதமாகிவிட்டன. தானே ‘கப்போ’வைப் பார்த்ததே இல்லை. ரிவெத் எழுதியதைப் படித்தாலே போதுமானதாக இருந்தது என்று அவரே எழுதுகிறார். எதிராளி அந்த டிராலி ஷாட்டின் கேவலத்தை உணராதவர் என்றால் அவரோடு பேச ஒன்றுமில்லை, அதுதான் அளவுகோல்.

ரிவெத் சொன்னது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. படத்தைப் பார்த்தேன், அந்தக் கேமரா நகர்வு உண்மையிலேயே அருவருப்பானது. 2009க்குப் பிறகு ஈழப் பெண்களின் உடல்கள் சுவரொட்டியிலும் அட்டைப்படத்திலும் எப்படியெல்லாம் வெட்டி ஒட்டப்பட்டன என்று பார்த்த நமக்கு, நோக்கம் நல்லதாக இருந்தாலும் உடலை நோக்கி நகரும் கண் எப்படிப்பட்டது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் மனத்தாங்கல் வேறு. வேலியில் தொங்கிய அந்தப் பெண் முப்பது ஆண்டுகள் ஆண்களுக்கிடையிலான ஒரு விவாதத்தின் எடுத்துக்காட்டாகவே தொங்கிக்கொண்டிருந்தாள். கேமரா சரியா தப்பா என்று பேசினார்கள். வேலியில் பாய்ந்த பெண்களைக் கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர் படமெடுத்திருக்கிறார், அவர் என்ன செய்தார் என்று போய்ப் பார்க்கவில்லை. பார்க்காத படத்தை நிராகரித்தார்கள். அந்தப் பெண் எடுத்த ஷாட்டைப் பெயர் தெரியாமலே வழிபட்டார்கள்.

அதே 1961, அதே பாரிஸ். ழான் ரூஷும் எட்கர் மோரனும் எடுத்த ‘ஒரு கோடையின் குறிப்பேடு’ வெளியானது. அதில் மார்செலின் லொரிதான் வருகிறார். 1928இல் பிறந்த யூதப் பெண்; 1944இல் தந்தையோடு நாடுகடத்தப்பட்டார். தந்தை திரும்பவில்லை. படத்தில் ஒரு கட்டத்தில் எல்லாரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். மார்செலின் கையில் பச்சை குத்திய எண் இருக்கிறது. இது என்ன என்று ஆப்பிரிக்க மாணவர்களிடம் கேட்கிறார்கள். தொலைபேசி எண்ணாக இருக்குமோ என்கிறார் ஒருவர். சிரிப்பு, பிறகு விளக்கம், பிறகு மௌனம். போர் முடிந்து பதினைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

பிறகு அந்தப் புகழ்பெற்ற காட்சி. மார்செலின் ஒலிப்பதிவுக் கருவியை மேல்கோட்டுக்குள் தோளில் மாட்டிக்கொண்டு பாரிஸ் தெருவில் தனியாக நடக்கிறார். தந்தையிடம் பேசுகிறார்: முகாமில் அவரைச் சந்தித்த கணம், வீடு திரும்பிய நாள், ரயில் நிலையத்தில் காத்திருந்த குடும்பம். பழைய சந்தைக் கட்டடத்துக்குள் அவர் நடந்து வரும்போது கேமரா ஒரு சின்னக் காரில் பின்னோக்கிப் போகிறது. மார்செலின் சிறிதாகிக்கொண்டே வருகிறார். குரல் மட்டும் காதருகே இருக்கிறது. படம்பிடித்தவர்களுக்கு அவர் என்ன பேசுகிறார் என்பது அப்போது கேட்கவே இல்லை. ஒலிப்பெட்டி அவரிடம் இருந்தது. எதைச் சொல்வது, எப்போது நிறுத்துவது என்பதும் அவரிடம் இருந்தது.

இதுவும் நகரும் கேமராதான். உடலை நோக்கிப் போகாமல், பேசும் பெண்ணுக்கு வழிவிட்டுப் பின்வாங்கும் கேமரா. ‘கப்போ’ பற்றிய அத்தனை பேச்சிலும் இந்த ஷாட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் ஏன் இத்தனை குறைவு என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

அந்தப் படத்துக்குள்ளேயே ஒரு திரைப்படச் சங்கக் கூட்டமும் இருக்கிறது. படத்தில் பங்கேற்றவர்களுக்கே எடுத்ததைப் போட்டுக்காட்டி, விளக்கைப் போட்டுக் கருத்துக் கேட்கிறார்கள். ஒருவர் அலுப்பாக இருந்தது என்கிறார். சிலர் உண்மை என்கிறார்கள். சிலர் இவ்வளவு வெளிப்படையாகத் தன்னைத் திறந்துகாட்டுவது அநாகரிகம் என்கிறார்கள். மார்செலின் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் கலைந்த பிறகு இயக்குநர்கள் இருவரும் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் நடந்தபடி, அவர் நடித்தாரா, உண்மையாகத்தான் பேசினாரா என்று ஆராய்கிறார்கள். இரண்டு ஆண்கள். மார்செலின் கூட இல்லை. ஒரு பெண் சாட்சி சொன்னால் முதலில் எழும் கேள்வி எது என்று நாம் காவல் நிலையங்களிலும் நீதிமன்றங்களிலும் பார்த்திருக்கிறோம். திரைப்பட ரசனை வளர்ந்த அறைகளிலும் அதே கேள்விதான் எழுந்தது.

மார்செலின் பின்னாளில் தானே படமெடுத்தார். 2003இல் ஆனூக் எமேயை நடிக்கவைத்து, பிர்கெனாவுக்குத் திரும்பிப் போகும் ஒரு பெண்ணின் கதையை எடுத்தார். ‘பூர்ச்ச மரப் புல்வெளி’ என்பது போலத் தலைப்பு. பிர்கெனாவ் என்ற பெயரின் பொருளும் அதுதான். அதுவும் கதைப்படம்.

கிளோத் லான்ஸ்மனின் ‘ஷோவா’ (1985) பற்றித் தனியே எழுத வேண்டும்; இங்கே ஒரு பத்தி மட்டும். ஒன்பதரை மணி நேரம், ஒரு ஆவணக் காட்சிகூட இல்லாமல், பேசும் மனிதர்களும் இன்றைய நிலக்காட்சியும் மட்டுமே. சிமோன் த பொவ்வா அதை உச்சிமேல் வைத்துப் பாராட்டினார். பேசுகிறவர்களில் யூதப் பெண்கள் மிகச் சிலர், அதுவும் சொற்ப நேரம் என்பதைப் பெண்ணிய விமர்சகர்கள் பின்னர் கவனித்துச் சொன்னார்கள். கொலை இயந்திரத்தின் அருகில் வேலைசெய்யவைக்கப்பட்டவர்கள் ஆண்கள், ஆகவே அவர்களே சாட்சிகள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் சமாதானம். ஆனால் பெண்களின் நீண்ட பேட்டிகள் எடுக்கப்பட்டுப் பெட்டியில்தான் இருந்தன. ரூத் எலியாஸ், பாவுலா பீரன், ஆடா லிக்ட்மன், ஹன்னா மார்ட்டன் ஆகிய நால்வரின் பேட்டிகளை ‘நான்கு சகோதரிகள்’ என்று லான்ஸ்மன் வெளியிட்டது தன் வாழ்க்கையின் கடைசியில். 2018இல் அவர் இறந்தார். ரூத் எலியாஸ் ஆஷ்விட்ஸில் பெற்ற தன் குழந்தைக்கு என்ன நடந்தது என்று அதில் சொல்கிறார். யாகுபோவ்ஸ்கா 1948இல் அந்தப் பிரசவக் காட்சியை எடுத்தபோது அதை ‘உணர்ச்சி மிகை’ என்று யாராவது சொல்லியிருந்தால், ரூத்தைக் கேட்ட பிறகு என்ன சொல்வார்கள்?

நம் நாட்டுச் சங்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு 1959இல் உருவானபோது தலைவர் சத்யஜித் ராய். இணைச் செயலாளர்களில் ஒருவர் விஜயா முலே, துணைத் தலைவர்களில் ஒருவர் அம்மு சுவாமிநாதன். சென்னையிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போன அதே அம்மு. லண்டனில் 1925இல் தொடங்கிய முன்னோடிச் சங்கத்திலும் ஐரிஸ் பேரி இருந்தார். தூதரகங்களுக்கு எழுதிப் படப்பெட்டி தருவிப்பது, அரங்கம் பிடிப்பது, சந்தா வாங்குவது என்று இந்த இயக்கத்தைக் கட்டியதில் பெண்கள் கை அதிகம். விளக்கு எரிந்த பிறகு நடந்த பேச்சில் அவர்கள் பங்கு எவ்வளவு என்பதை, ஒரு சங்கத்தில் பத்து ஆண்டு உறுப்பினராக இருந்தவள் என்ற முறையில் என்னால் ஓரளவு ஊகிக்க முடியும்.

சில ஆண்டுகளாக நாங்கள் சில பெண்கள் மாதம் ஒரு படம் பார்க்கிறோம். பெரும்பாலும் கல்லூரி மாணவிகள். ஒரு வகுப்பறை, ஒரு புரொஜக்டர், வெள்ளைச் சுவர், டீ. ‘இரவும் மூடுபனியும்’ போட்ட அடுத்த மாதம் ‘கடைசிக் கட்டம்’ போட்டோம். பிரசவக் காட்சியில் ஒருத்தி எழுந்து வெளியே போனாள். பத்து நிமிடம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. படம் முடிந்ததும் முதலில் பேசியவள், மார்த்தா அறைகிற இடத்தில் தனக்குக் கைதட்டத் தோன்றியதாகவும், அப்புறம் கைதட்டத் தோன்றியதற்காக வெட்கமாக இருந்ததாகவும் சொன்னாள். இன்னொருத்தி, இந்த அம்மா கம்யூனிஸ்ட் கட்சிக்காகத்தான் விமானத்தை வரவழைத்தாரா என்று கேட்டாள். அதன்மேல் அரை மணி நேரம் சண்டை. சத்தத்தில் காவலாளி வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில், பின்வரிசையில் அதுவரை பேசாமலிருந்த முதலாமாண்டு மாணவி ஒருத்தி கை உயர்த்தினாள். ரயில் வருகிற காட்சியைத் தான் ஏற்கெனவே பார்த்திருப்பதாகச் சொன்னாள். “போன மாசம் பார்த்தோமே மேடம், அந்தப் பிரெஞ்சுப் படத்துலேர்ந்து இவங்க எடுத்துக்கிட்டாங்களா?”

நான் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் 1948 என்று எழுதினேன். அதன் கீழே 1956 என்று எழுதினேன். அவள் இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னாள்.